குட்டித் தவளைத் தொட்டி: கும்பகோணத்து வெயிலுக்குத் தாங்குமா?

குடந்தைப் புதியவன் | மார்ச் 29, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். மீன் கொஞ்சம் வளர்த்திருக்கிறேன், தவளை இதுதான் முதல் தடவை. ஐந்தாவது படிக்கும் மகள் அடம்பிடித்ததால் போன ஞாயிறு பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் மூன்று வாங்கி வந்தோம். இரண்டு பழுப்பு, உடம்பெல்லாம் கரும்புள்ளி, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. மூன்றாவது வெள்ளை, கண் சிவப்பு. "எல்லாம் ஒரே ஜாதி சார், குள்ளத் தவளை, இதுக்கு மேல வளராது" என்றார் கடைக்காரர். கூடவே நான்கு நத்தையும் கொடுத்தார்.

தொட்டி ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். அடியில் கலர் கல். "ஆப்பிரிக்கத் தவளை, சூடு வேணும்" என்று 100 வாட் ஹீட்டர் ஒன்றையும் என் தலையில் கட்டிவிட்டார். மாடி அறையில் வைத்திருக்கிறேன். மத்தியானம் தண்ணீர் 31 டிகிரி காட்டுகிறது. ஏறி உட்காரப் பாறை வேண்டுமா? எவ்வளவு தண்ணீர் ஊற்றலாம்? போட்ட குருணைத் தீனியை எதுவும் சீண்டவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

மன்னைத் தொட்டிக்காரர் | மார்ச் 29, இரவு 10.05

தம்பி, முதல் வேலையாக அந்த ஹீட்டரைத் தூக்கிப் பரணில் போடுங்கள். மார்கழி ராத்திரியில் தண்ணீர் 22-க்குக் கீழே போனால் எடுத்துக்கொள்ளலாம், அப்போதும் 50 வாட்டே தாராளம். ஆப்பிரிக்கா என்றதும் பாலைவனம் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தக் குள்ளத் தவளை காங்கோ, கேமரூன் பக்கத்துக் காட்டில், மர நிழலில், மெதுவாக நகரும் தண்ணீரில் கிடப்பது. 24 முதல் 26 வரை அதற்குச் சுகம். 28-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் சாப்பிடாது, சோர்ந்துபோகும். தொட்டியைத் தரைத்தளத்துக்கு இறக்குங்கள், மேற்குச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

பாறை வேண்டாம். இது கரையேறவே ஏறாத ஜாதி. ஆனால் நுரையீரலால்தான் மூச்சு விடுகிறது, சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு இறங்கும். அதனால் 20, 25 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டாம். ஃபில்டர் தண்ணீரைச் சுழற்றி அடித்தால் மேலே வந்து போவதற்குள் களைத்துவிடும். ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், அதையும் மெதுவாக விடுங்கள்.

கலர் கல்லை அள்ளிவிடுங்கள். இதற்கு நாக்கும் கிடையாது, பல்லும் கிடையாது. தீனியை வாயால் 'சர்' என்று உறிஞ்சி, முன்கையால் உள்ளே தள்ளும். பட்டாணி அளவுக் கல் இருந்தால் அதையும் சேர்த்து விழுங்கி வயிறு அடைத்துக்கொள்ளும். நன்றாகக் கழுவிய நைஸ் மணல் ஓரங்குலம், இல்லாவிட்டால் அதன் தலையைவிடப் பெரிய கூழாங்கல்.

மேலே மூடி கட்டாயம். ஒரு விரல் இடைவெளி விட்டாலும் ராத்திரி வெளியே குதித்து, காலையில் சோபாவுக்கு அடியில் வற்றலாகக் கிடக்கும். எனக்கு நடந்திருக்கிறது.

அந்த வெள்ளை மேல்தான் எனக்குச் சந்தேகம். முன்கால் விரல்களுக்கு நடுவில் சவ்வு இருக்கிறதா பாருங்கள். கண் பக்கவாட்டில் இருக்கிறதா, தலைக்கு மேலே வானத்தைப் பார்த்து இருக்கிறதா?

குடந்தைப் புதியவன் | மார்ச் 30, காலை 7.20

லென்ஸ் வைத்துப் பார்த்தோம். பழுப்பு இரண்டுக்கும் நான்கு காலிலும் வாத்துக்கால் மாதிரி சவ்வு இருக்கிறது. வெள்ளைக்கு முன்னங்கையில் சவ்வே இல்லை, விரல்கள் குச்சி குச்சியாகத் தனித்தனியே நிற்கின்றன. பின்காலில் மூன்று விரலின் நுனியில் நகம் போல ஏதோ இருக்கிறது. கண்கள் தலைக்கு மேலேதான்.

ஐயாறு டீச்சர் | மார்ச் 30, காலை 8.02

அது குள்ளத் தவளை இல்லை தம்பி. நகத்தவளை, விலங்கியலில் சீனோபஸ் என்போம். இரண்டும் ஒரே குடும்பம், பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பழுப்பு மூன்று, மூன்றரை சென்டிமீட்டரோடு நின்றுவிடும். வெள்ளை 10 சென்டிமீட்டருக்கு மேல் போகும், வாய்க்குள் நுழைவதை எல்லாம் விழுங்கும். பங்காளியும் அதில் அடக்கம். இன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

1930-களிலிருந்து சில பத்தாண்டுகளுக்கு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பம் உண்டா என்று பார்க்கப் பயன்பட்டது இந்த நகத்தவளைதான். பெண்ணின் சிறுநீரைப் பெண் தவளைக்கு ஊசியில் ஏற்றினால், கர்ப்பமாக இருந்தால் தவளை சில மணி நேரத்தில் முட்டையிட்டுவிடும். அதற்காகவே உலகமெல்லாம் அனுப்பினார்கள். சிலே, பிரான்ஸ், கலிஃபோர்னியா என்று தப்பிப் போன இடத்திலெல்லாம் இன்று தொல்லை.

இன்னொன்று, இது உங்கள் மகளுக்கு. தொட்டியில் கைவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தொட்டிச் சாமானைச் சமையலறைத் தொட்டியில் அலசக் கூடாது. அமெரிக்காவில் 2009 முதல் 2011 வரை இந்தக் குள்ளத் தவளைத் தொட்டிகளிலிருந்து சால்மோனெல்லா என்னும் கிருமி பரவி 200 பேருக்கு மேல் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள், பெரும்பாலும் சிறு பிள்ளைகள். தவளைக்கு ஒரு நோயும் தெரியாது, நமக்குத்தான் வரும்.

வெண்ணாற்று வெட்டிப்பயல் | மார்ச் 30, பகல் 1.15

காசு கொடுத்துத் தவளை வாங்கும் காலமும் வந்துவிட்டதா! எங்கள் ஊரில் ஜூனில் வாய்க்காலில் தண்ணீர் வந்த மறுநாள் ராத்திரி தூங்கவே விடாது. ஒரு வலையைப் போட்டு நாலைப் பிடித்துத் தொட்டியில் விட்டால் போச்சு.

ஐயாறு டீச்சர் | மார்ச் 30, பகல் 2.40

விட்டால் போச்சுதான், தவளையின் உயிரும் போச்சு, உங்கள் நிம்மதியும் போச்சு. வயல் தவளைக்குக் கரை வேண்டும், பறக்கும் பூச்சி வேண்டும். கண்ணாடியில் முட்டி முட்டி மூக்கைக் கிழித்துக்கொள்ளும். அதோடு அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. ஒரு காலத்தில் பெட்ரோமாக்ஸ் வைத்து மூட்டை மூட்டையாகப் பிடித்துக் காலை வெட்டி ஏற்றுமதி செய்தார்கள், 1987-இல்தான் அதற்குத் தடை வந்தது. தவளைப் பாட்டை வாய்க்கால் கரையிலேயே கேளுங்கள்.

நாகைக் கரைவெளி | மார்ச் 30, இரவு 8.30

தீனிக்கு வருகிறேன். குருணையைக் கண்ணால் பார்த்துத் தின்னும் பழக்கம் இதற்கு இல்லை. பார்வை மட்டம், மோப்பத்தாலும் அசைவாலும்தான் கண்டுபிடிக்கும். உறையவைத்த பிளட்வார்ம் (சிவப்புப் புழு) கட்டியில் கால்வாசி உடைத்து, தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் உறிஞ்சி மூக்குக்கு முன்னால் விடுங்கள். நான் கார்த்திகைக்கு வாங்கிய அகல் ஒன்றைத் தொட்டியின் மூலையில் போட்டு வைத்திருக்கிறேன் (புதுசு, எண்ணெய் படாதது). தீனி எப்போதும் அதற்குள்தான் விழும். பத்து நாளில் இடம் தெரிந்துகொண்டு, சிரிஞ்சைக் கண்டதும் அகலுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன, பந்திக்கு முந்துகிற மாதிரி. வளர்ந்ததற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். மாறுதலுக்கு மண்புழுவைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கொடுக்கலாம். கடையில் உயிரோடு விற்கும் டியூபிபெக்ஸ் புழு மட்டும் வேண்டாம், சாக்கடையில் வளர்வது. கொசுப்புழு இதற்கு விருந்துதான், ஆனால் வீட்டு வாளியில் வளர்த்தால் டெங்கு ஆய்வுக்கு வரும் நகராட்சிக்காரர் உங்களுக்கு விருந்து வைப்பார்.

சூட்டுக்கு: கண்ணாடி மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலையை இழுத்துக் கட்டுங்கள். தண்ணீர்ப் பரப்பை உரசுகிற மாதிரி சின்ன டேபிள் ஃபேனைத் திருப்பி விடுங்கள். கும்பகோணத்தில் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். எங்கள் கடற்கரையில் காற்றே ஈரம், ஒன்றரை இறங்கினால் பெரிது. ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள், திடீரென்று இறங்கித் திடீரென்று ஏறுவது வெயிலைவிட மோசம். ஃபேன் ஓடினால் தினம் ஒரு விரற்கடை வற்றும். வற்றுவது தண்ணீர்தான், உப்பு அப்படியே நிற்கும். அந்தக் குறையை மட்டும் ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள்.

வேலம்பாசி வேண்டுமென்று வயல் வாய்க்காலில் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். பூச்சிமருந்து வடிந்த தண்ணீரில் நின்றது. நர்சரியில் ஜாவா ஃபெர்ன் வாங்குங்கள்.

மன்னைத் தொட்டிக்காரர் | மார்ச் 30, இரவு 9.10

நான் சொல்ல விட்டது: புதுத் தொட்டி, பழகாத ஃபில்டர். கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஸ்பாஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தவளையை விடுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும், இப்போது அது முடியாது. அதுவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரை முதல் நாளே பிடித்து வைத்து, ஆன்டி குளோரின் இரண்டு சொட்டு விட்டு ஊற்றுங்கள்.

குடந்தைப் புதியவன் | ஏப்ரல் 9, இரவு 9.45

எல்லாம் செய்தாயிற்று. தொட்டி கூடத்துக்கு இறங்கிவிட்டது, ஃபேன் ஓடுகிறது, மத்தியானம் 28. வெள்ளை தனி டப்பில். அகல் யோசனை பிரமாதம், இரண்டும் சாப்பிடுகின்றன. ஒன்று போன வாரம் சட்டையைக் கழற்றுகிற மாதிரி தோலை உரித்துத் தானே தின்றுவிட்டது. மகள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

குடந்தைப் புதியவன் | ஏப்ரல் 17, காலை 6.30

அவசரம். 15-ஆம் தேதி இரண்டு நத்தை ஓட்டுக்குள்ளிருந்து தொங்கிச் செத்துக் கிடந்தன. நேற்று மற்ற இரண்டும். இன்று காலை ஒரு பழுப்பு மல்லாந்து கிடக்கிறது, போய்விட்டது. மற்றது மூலையில் அசையாமல் இருக்கிறது, தோல் நூல் நூலாகத் தொங்குகிறது. சொட்டு மருந்துக் கிட் வாங்கிப் பார்த்தேன். அமோனியா 0.25, நைட்ரைட் பூஜ்யம். சூடு 28. மகளுக்கு இன்னும் சொல்லவில்லை.

வெண்ணாற்று வெட்டிப்பயல் | ஏப்ரல் 17, காலை 6.52

குளோரின்தான். குழாய்த் தண்ணீரில் மாத்திரையை அள்ளிப் போட்டிருப்பார்கள்.

ஐயாறு டீச்சர் | ஏப்ரல் 17, காலை 7.05

தோல் உரிகிறது, சோர்வு என்றால் முதலில் கைட்ரிட் பூஞ்சையைத்தான் நினைக்க வேண்டும். நகத்தவளை தனக்கு ஒன்றும் இல்லாமலே அதைச் சுமந்து வரும், ஒரு வாரம் ஒரே தொட்டியில் இருந்திருக்கின்றன. ஆனால் அந்தப் பூஞ்சை 17 முதல் 25 டிகிரியில் செழிக்கும், 28-க்கு மேல் தடுமாறும். அதைவிட முக்கியம், அது நத்தையைக் கொல்லாது. நத்தை முதலில் செத்தது என்றால் தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது.

நாகைக் கரைவெளி | ஏப்ரல் 17, காலை 7.11

டீச்சர் சொன்ன நத்தையில்தான் விஷயம் இருக்கிறது. வயலில் நத்தையையும் பாசியையும் ஒழிக்க மயில்துத்தம் போடுவோம், அது செம்பு உப்பு. தம்பி, மீனுக்கென்று நீல மருந்து ஏதாவது ஊற்றினீர்களா? பிடித்துவைக்கும் தண்ணீர் எதில் நிற்கிறது?

குடந்தைப் புதியவன் | ஏப்ரல் 17, காலை 7.30

மருந்து எதுவும் ஊற்றவில்லை. தண்ணீரை அம்மாதான் ராத்திரி பிடித்து வைப்பார். பிளாஸ்டிக் வாளி உடைந்ததால் பத்து நாளாகக் கொல்லையில் இருக்கும் பெரிய தவலையில். பாட்டி காலத்துச் செப்புத் தவலை. சித்திரை முதல் நாளுக்காக 13-ஆம் தேதி புளி போட்டு விளக்கிப் பளபளவென்று வைத்திருந்தார். செம்பில் நின்றால் தண்ணீர் சுத்தமாகும் என்று...

வெண்ணாற்று வெட்டிப்பயல் | ஏப்ரல் 17, காலை 7.38

தவளையைக் கொன்றது தவலையா! மன்னிக்கணும், சிரிக்கிற நேரமில்லை. ஆனாலும் நம்ப முடியவில்லை. எங்கள் வீட்டிலும் செம்புக் குடத்துத் தண்ணீர்தான் குடிக்கிறோம், எல்லோரும் கல்லு மாதிரி இருக்கிறோமே.

ஐயாறு டீச்சர் | ஏப்ரல் 17, காலை 7.55

நாம் குடிப்பது ஒரு சொம்பு. வயிற்றுக்குப் போய், ஈரல் பார்த்துக்கொள்கிறது. மனிதருக்குக் குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் செம்பு வரை சரி என்கிறது உலக சுகாதார நிறுவனம். நத்தைக்கும் நீர்ப்பூச்சிக்கும் அதில் பத்தில் ஒரு பங்கே எமன். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் குடிக்கிறது, இருபத்துநாலு மணி நேரமும் அதிலேயே ஊறுகிறது. விளக்குவதற்கு முன்னால் பழைய தவலையில் பச்சையும் கறுப்பும் படிந்திருந்தது, அதிகம் கரையவில்லை. புளியின் புளிப்பு அந்தப் படிவத்தை எடுத்துவிட்டது. வெறும் செம்பில் ராத்திரி முழுக்கக் குழாய்த் தண்ணீர் நின்றால் கரையத்தான் செய்யும். தேதியைப் பாருங்கள்: 13 விளக்கியது, 15 நத்தை.

மன்னைத் தொட்டிக்காரர் | ஏப்ரல் 17, காலை 8.10

பிடித்து வையுங்கள் என்றேனே தவிர எதில் என்று சொல்லவில்லை. என் தப்பும் உண்டு தம்பி. இப்போது செய்ய வேண்டியது: உணவுக்கான பிளாஸ்டிக் வாளி புதுசாக ஒன்று, சோப்புப் படாதது. அதில் தண்ணீர் பிடித்து, ஆன்டி குளோரின் விட்டு, தொட்டியின் அதே சூட்டில் பாதித் தண்ணீரை உடனே மாற்றுங்கள், சாயங்காலம் இன்னொரு பாதி. ஆன்டி குளோரின் குளோரினை மட்டும்தான் கவனிக்கும், செம்புக்கு அதை நம்பாதீர்கள். ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பொட்டலம் ஃபில்டர் பக்கத்தில் தொங்கவிடுங்கள். மூன்று நாள் தீனி வேண்டாம். உப்பு, மஞ்சள், வேப்பிலை என்று யார் எதைச் சொன்னாலும் போடாதீர்கள்.

அம்மாவிடம் கோபப்படாதீர்கள்.

குடந்தைப் புதியவன் | ஏப்ரல் 24, இரவு 9.00

பிழைத்துவிட்டது. நேற்று தானாக அகலுக்குள் ஏறியது. செத்ததை மகளோடு சேர்ந்து துளசி மாடத்துக்குப் பக்கத்தில் புதைத்தோம். அம்மா இரண்டு நாளாகத் தொட்டிப் பக்கமே வரவில்லை. இன்று வந்து, "அது தின்னுச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

வெள்ளையை என்ன செய்வது? டப் போதவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கோயில் குளத்தில் விட்டுவிடச் சொல்கிறார், புண்ணியமாம்.

ஐயாறு டீச்சர் | ஏப்ரல் 24, இரவு 9.20

கூடவே கூடாது. வாய்க்காலை அடைத்துக் கிடக்கும் வெங்காயத்தாமரையும் யாரோ அழகுக்காகக் கொண்டுவந்ததுதான். ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் தடை செய்த பிறகும் குளத்துக்குக் குளம் அதுதான் கிடக்கிறது. வெள்ளை ஒன்று தனியாகப் பெருகாது என்று வைத்தாலும், அதன் மேல் இருக்கும் பூஞ்சை நம் தவளைகளுக்குப் போகும். அந்தத் தொட்டித் தண்ணீரைக்கூட வாய்க்காலில் கொட்டாதீர்கள், செடிக்கு ஊற்றுங்கள்.

மன்னைத் தொட்டிக்காரர் | ஏப்ரல் 24, இரவு 9.41

என்னிடம் மூன்றடித் தொட்டி ஒன்று காலியாக இருக்கிறது. மூடி போட்ட டப்பாவில் பாதித் தண்ணீர், மூடியில் நான்கு ஓட்டை, விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் வந்துவிடலாம். நீங்களும் ஒரு காபி குடித்துவிட்டுப் போங்கள்.

கோடியக்கரை | மே 11, இரவு 7.50

இழை முழுக்கப் படித்தேன். கரன்ட் போனால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லையே? 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்த பிறகு எங்கள் பக்கம் பல நாள் மின்சாரம் இல்லை. என் மீன்கள் இரண்டாம் நாளே போய்விட்டன, மூன்று குள்ளத் தவளையும் தங்கின. மேலே வந்து மூச்சு வாங்குவதால் ஏர் பம்ப் இல்லாமல் சமாளித்தன. தீனியை அடியோடு நிறுத்திவிட்டேன், ஒரு வாரம் பட்டினி தாங்கும். குடத்தில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் தினம் இரண்டு சொம்பு மாற்றினேன். (மண்குடம்!) கரன்ட் வந்ததும் ஃபில்டரை அப்படியே போட்டுவிடாதீர்கள். நின்றுபோன ஸ்பாஞ்ச் உள்ளே அழுகியிருக்கும். தொட்டியில் எடுத்த தண்ணீரில் வெளியே பிழிந்துவிட்டுப் போடுங்கள்.

குடந்தைப் புதியவன் | ஜூன் 19, இரவு 11.25

ஒரு சந்தேகம். பத்து நாளாக விளக்கை அணைத்த பிறகு கூடத்தில் ஒரு சத்தம். தையல் மிஷின் தூரத்தில் ஓடுகிற மாதிரி, விட்டு விட்டு 'டிர்ர்ர்' என்று. ஏர் பம்பின் ரப்பர் போய்விட்டதோ?

மன்னைத் தொட்டிக்காரர் | ஜூன் 19, இரவு 11.31

பம்பை நிறுத்திப் பாருங்கள்.

குடந்தைப் புதியவன் | ஜூன் 19, இரவு 11.34

நிறுத்திவிட்டேன். இன்னும் கேட்கிறது.

ஐயாறு டீச்சர் | ஜூன் 19, இரவு 11.40

முன்காலுக்குப் பின்னால், அக்குள் பக்கம், வெள்ளையாகக் கடுகளவு புடைப்பு இருக்கிறதா?

குடந்தைப் புதியவன் | ஜூன் 19, இரவு 11.52

டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இருக்கிறது. அம்மாவும் எழுந்து வந்து பக்கத்தில் நிற்கிறார்.

ஐயாறு டீச்சர் | ஜூன் 19, இரவு 11.58

ஆண். துணையைக் கூப்பிடுகிறது. வாங்குவதானால் வேறு கடை, முன்கால் சவ்வைப் பார்த்து. மூன்று மாதம் தனித் தொட்டியில் வைத்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.

குடந்தைப் புதியவன் | ஜூன் 20, காலை 6.40

சரி டீச்சர். தனித் தொட்டிக்கு இன்னொரு வாளி வாங்கப் போகிறேன். அம்மா காசு கொடுத்துவிட்டார்.